பதினோரு வெயிட்டுப் பாட்டு

என் மகள் அஞ்சலைக்கு,

மாப்பிள்ளை நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தார். நீ சுகம், பேத்தி சுகம் என்று சொன்னார். பூதிகோட்டையில் இந்த வருஷம் கேழ்வரகு நன்றாக விளைந்திருப்பதையும், மாடு கன்று போட்டதையும் சொன்னார். கை கால் கழுவிக்கொண்டே பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொன்னார். நீ குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவதே இல்லையாம். தொட்டிலை ஆட்டிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்கிறாயாம். உன் மாமியார் கேட்டதற்கு, எனக்குப் பாட வராது என்றாயாம். சிலருக்கு அதெல்லாம் வராதுதானே மாமா என்று அவர் சிரித்தார். நானும் கூடவே சிரித்துவைத்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீ பாடி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. குழந்தைக்குத் துணி வாங்கவேண்டும் என்று அவர் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுவார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடலாம் என்று, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் முத்து முத்தாக எழுதப் பழகியவள் நீ, சிரித்துக்கொண்டாவது படித்துவிடு. குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துப் படி. யாருக்கும் படித்துக் காட்டாதே.

நான் குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது சாம்பியன் ரீப்ஸில் பாதி இடம் பாறையும் முள்ளுமாகத்தான் இருந்தது. கொஞ்ச காலம் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிக் கல் சுமந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று தெரிந்ததும் துரை என்னை அசே ஆபீசுக்கு இழுத்துக்கொண்டார். கல்லில் பொன் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிற இடம் அது. நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது வாசல்வரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறாய், உள்ளே விடமாட்டார்கள். சுரங்கத்தின் ஒவ்வொரு லெவலிலிருந்தும் பையில் கல் வரும். அதை இடித்து, தூளாக்கி, நாலு கூறாகப் பிரித்து இரண்டைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து, மறுபடி கூறு போட்டு, கடைசியில் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக எடுத்து ஈயத்தோடு மூசையில் போட்டு உலையில் வைப்போம். பிறகு எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்தால் ஈயத்தையெல்லாம் அந்தக் கிண்ணம் குடித்துவிடும். ஊசிமுனை அளவுக்கு ஒரு மணி மிஞ்சும். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கவேண்டும். மூச்சுப் பட்டால் தட்டு ஆடிவிடும். டன்னுக்கு இத்தனை பென்னிவெயிட் என்று துரை எழுதுவார். நாங்கள் அதைச் சுருக்கி வெயிட் என்போம். இருபது வெயிட் சேர்ந்தால் ஒரு அவுன்ஸ். மலையளவு கல்லைக் குடைவதா விடுவதா என்று அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அப்படி ஒரு இடத்தில் வேலை பார்ப்பவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? எனக்கு வந்தது, கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

நம் கூலி லைனுக்குக் கூத்து வந்த ஒரு வருஷம்தான் இந்த வினை ஆரம்பித்தது. ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு ஜமா ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆடிவிட்டுப் போனார்கள். எது உசத்தி என்று லைனில் ஒரே சண்டை. நம் அடுத்த வீட்டுச் சாமிக்கண்ணு முதல் ஜமாவின் பக்கம். எதிர் லைன்காரர்கள் இரண்டாவதின் பக்கம். கை கலப்பு வரைக்கும் போய்விட்டது. நான் நடுவில் புகுந்து, பாறைக்குள் இருக்கிற பொன்னையே நிறுத்துச் சொல்கிறோம், கண்ணெதிரே ஆடுகிற கூத்தை நிறுத்துச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபிறகு, ஏன் முடியாது என்று எனக்கே தோன்றிவிட்டது.

அந்த முறையை நான் எப்படி உண்டாக்கினேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கூத்தோ பஜனையோ கும்மியோ, எதுவானாலும் ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிகிற நேரத்தில் கொஞ்சம் கவனமாகக் கேட்பேன். அது சாம்பிள். கேட்டதை மறுநாள் உன் அம்மாவிடம் ராகம் இல்லாமல், வேஷம் இல்லாமல் வெறும் பேச்சாகச் சொல்லிப் பார்ப்பேன். அதில் பாதி சாயம் போய்விடும். அதன்பிறகு அதைப் பற்றி நினைக்கவே கூடாது. வேலைக்குப் போகவேண்டும், தண்ணீர் எடுக்கவேண்டும், கடைக்குப் போகவேண்டும். அதுதான் நெருப்பு. அப்படி நாலைந்து நாள் போனபின்னும், கூப்பிடாமலே எந்த அடி தானாக வந்து வாயில் நிற்கிறதோ அதுதான் பொன். எத்தனை அடி வந்தது, எத்தனை தடவை வந்தது, எப்படிப்பட்ட வேலைக்கு நடுவில் வந்தது என்று பார்த்து ஒரு எண் போடுவேன். இப்போது நினைத்தாலும் அது மோசமான முறை இல்லை. முறையின்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அதைக் கையில் வைத்திருந்தவன்மேல்தான்.

உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்பு ஊதிக்கொண்டே சிரித்தாள். "எனக்கு ஒரே கணக்குதான். கேட்டுக்குனு இருக்கசொல்ல சோறு அடிப்பிடிச்சா நல்ல பாட்டு. இல்லன்னா இல்ல" என்றாள். அதற்குப் பெயர் கணக்கு இல்லை, கவனக்குறைவு என்று நான் சொன்னேன். அவள் கணக்கில் தேறியவர்கள் ரொம்பக் கொஞ்சம். ஒருதரம் கண் தெரியாத ஒருவர் லைன் லைனாகப் பாடிக்கொண்டு போனார், அன்றைக்குப் பானை அடி கருகிப்போயிற்று. தீய்ந்த சோற்றை என் தட்டில் போட்டுவிட்டு, அந்தாளு பெரிய ஆளு என்றாள். நான் கத்தினேன். ஷிப்ட் முடிந்து பசியோடு வந்தவனுக்கு இதுதானா என்று கேட்டேன். அவள் அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு பானையைத் தேய்த்தாள். அந்தப் பாட்டுக்கு நான் ஆறு வெயிட் போட்டிருந்தேன். இன்றைக்கு அதில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை. அவள் பானை தேய்த்த சத்தம் நினைவிருக்கிறது.

சீக்கிரமே ஊருக்கெல்லாம் இது தெரிந்துபோயிற்று. கூத்து முடிந்தால் ஜனங்கள் வாத்தியாரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோயில் பஜனைக்காரர்கள் வந்து கேட்டார்கள், சர்ச்சில் பாடுகிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நாலைந்து நாள் பொறுக்க யாருக்கு முடியும்? இப்பவே சொல்லு மேஸ்திரி, உனக்குத் தெரியாததா என்பார்கள். முதலில் மறுத்தேன். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே விரலைக் காட்டப் பழகிக்கொண்டேன். ஆபீசில் உலையில் வைக்காமலே ஒரு கல்லுக்கு எண் சொல்லியிருந்தால் துரை என்னை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார். லைனில் என்னைக் கேட்பார் இல்லை. எனக்கு மேஸ்திரி என்கிற பட்டம் வேலையில் கிடைத்ததில்லை, இதில்தான் கிடைத்தது. அதற்கு எவ்வளவு மயங்கினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நீ அதற்குள்தான் வளர்ந்தாய். ஆட்டுக்குட்டி மேல் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு நான் வேலையிலிருந்து வரும் வழியில் ஓடி வந்து நிற்பாய். பாடி முடித்ததும், எத்தினி வெயிட்டு நைனா என்பாய். இரண்டு என்பேன். நீ அழமாட்டாய். மறுநாள் கோழி மேல் ஒன்று, தண்ணீர்க் குழாய் மேல் ஒன்று என்று வந்துகொண்டே இருப்பாய். பிள்ளைதானே, கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன என்று உன் அம்மா கேட்பாள். நிறையில் பொய் சொல்லக் கூடாது என்று நான் நியாயம் பேசுவேன். ஒருதரம் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்குகிற ஆட்களைப் பற்றிப் பாடி எட்டு வாங்கினாய். அன்றைக்கு லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாய். உனக்கு நான் ஒரு பெரிய நியாயஸ்தனைப் போலத் தெரிந்திருப்பேன். நான் பெருமைப்பட்டேன். உன்னைப் பாட வைக்கிறேன் என்று நினைத்தேன். இன்னொரு தரம் பாடு என்று உன்னிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கிறேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவு வரவில்லை.

உன் அம்மாவைப் பற்றி எழுதாமல் இதை முடித்துவிட முடியாதா என்று இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன். காய்ச்சல் வந்து ஒரு வாரம் திரும்புவதற்குள் போய்விட்டாள். ராத்திரி பகல் என்று ஓயாமல் கல் இடிக்கிற மில் சத்தத்தில் நாம் எல்லோரும் தூங்குவோம், அந்தச் சத்தம் நின்றால்தான் அவள் எழுந்து உட்காருவாள். சுரங்கத்துக்குள் என்னவோ ஆகிவிட்டது, ஆட்கள் இருக்கிறார்களோ இல்லையோ என்று கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். அவளை எடுத்துப் போகிற அன்று காலையில் ஏதோ பழுதுபார்க்க மில்லை நிறுத்தினார்கள். ஊரே அமைதியாக இருந்தது. உள்ளே பொம்பளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் வெளியே ஆம்பளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ அதுவரைக்கும் வாய் திறக்கவே இல்லை. மில் நின்றதும் நீ பாட ஆரம்பித்தாய். யாரும் உனக்குச் சொல்லிக்கொடுத்த ஒப்பாரி இல்லை அது. அன்றைக்கு, அந்த நேரத்தில், உனக்கு வந்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

சாமிக்கண்ணு என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாய்ப் பழக்கம். "இன்னா மேஸ்திரி, எத்தினி போடலாம்?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். அவரை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். நான், "பதினொண்ணு. ரெண்டாவது அடி இழுக்குது" என்றேன். நம்முடையது தட்டி வீடு. மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் நீ இருந்தாய். மில் வேறு ஓடவில்லை. உன் குரல் நின்றது. வேறு யாரோ ஒரு பாட்டி ஒப்பாரியை எடுத்துக்கொண்டு போனாள். நான் உள்ளே வந்து பார்த்தபோது நீ அம்மாவின் கால்மாட்டில் தட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னை நீ திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுக்கொண்டாகிவிட்டது. தராசின் முன்னால் மூச்சை அடக்கி அடக்கிப் பழகியவன் நான். நிறுக்கிற நேரத்தில் எதுவும் மேலே படாது, மனசு அசையாது. அன்றைக்கு உன் பாட்டு என்மேல் பட்டிருந்தால் நான் அந்த பெஞ்சிலேயே உடைந்துபோயிருப்பேன். அதனால் ஒரு எண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இது சாக்கு இல்லை, நடந்தது இதுதான். கல்லைச் சோதிக்க வேண்டுமென்றால் அதை இடித்து உருக்கித்தான் ஆகவேண்டும், சோதித்தது திரும்பக் கல்லாகாது. எனக்கு அது தினமும் கையில் பார்த்த விஷயம். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

நீ பாடுவதை நிறுத்திவிட்டாய் என்பதுகூட எனக்கு உடனே தெரியவில்லை. துக்கம், கொஞ்ச நாளில் சரியாகும் என்று இருந்துவிட்டேன். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதால் அந்த வேலையில் இறங்கிவிட்டேன். நலங்கு வைக்கும்போது பொம்பளைகள் உன்னை ஒரு பாட்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்றாய். சொல்லிவிட்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு தரம் பார்த்தாய். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? அதைச் சரிசெய்யப் போய் அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் பண்ணினேன். நீ பூதிகோட்டை வண்டியில் ஏறி உட்கார்ந்தபிறகு, வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன், அம்மாவுக்குப் பாடினது பதினொன்று இல்லை, இருபது, முழு அவுன்ஸ் என்று. இதுவரைக்கும் யாருக்கும் போடாத எண். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். "இன்னமும் எடை போட்டுக்குனுதான் இருக்கியா நைனா?" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரொம்பக் களைத்துப்போனவளைப் போலச் சொன்னாய். வண்டி போய்விட்டது.

அதன்பிறகு யார் கேட்டாலும் நான் எண் சொல்வதில்லை. போன வருஷம் கூத்து வந்தது. எல்லோரும் வழக்கம்போல என் கையைப் பார்த்தார்கள். எனக்கொன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மேஸ்திரியின் தராசு துருப்பிடித்துவிட்டது என்று சாமிக்கண்ணு சொல்லிச் சிரித்தாராம். ஆபீசிலும் என்னைத் தராசுப் பக்கம் விடுவதில்லை. இத்தனை வருஷம் ஈயப் புகை குடித்ததில் வந்த கை நடுக்கம் நிற்கவில்லை. பைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லாததுதான் வருத்தம். சமையலும் நான்தான். உன் அம்மா இருந்தால் என் குழம்பைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பேத்திக்காக ஒன்று சொல்கிறேன். அவளுக்குப் பேச்சு வந்ததும், வாயில் வந்ததை எல்லாம் பாட்டு என்று கட்டிக்கொண்டு உன்னிடம் ஓடி வருவாள். உன் மகள், வராமல் இருக்கமாட்டாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. இன்னொரு தரம் பாடு என்று மட்டும் சொல். அவள் பாடப் பாட அதில் உனக்குப் பிடித்ததை நீயும் கூடச் சேர்ந்து பாடு. அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் நீ பாடவேண்டும் அஞ்சலை. தாலாட்டில் தொடங்காத பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கு வரும்? என்மேல் இருக்கிற கோபத்தை நீ விடவேண்டாம். அது உன்னுடையது, நியாயமானது. எனக்கு முன்னால் பாடவும் வேண்டாம். நான் வருகிறேன் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள், நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். ஆனால் அந்தத் தொட்டிலில் இருப்பவள் உன்னை நிறுத்துப் பார்க்கமாட்டாள். அவளிடம் தராசு இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உன் பாட்டு உனக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அழுதவர்கள் யாருக்கும் நினைவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு நினைவிருக்கிறது. நான் கூப்பிட்டு அது வருவதில்லை. பைக்குச் சீட்டு ஒட்டும்போது வரும், குழாயடியில் நிற்கும்போது வரும், மில் நிற்கிற நேரமெல்லாம் வரும். அது என்னிடம் இருப்பது நியாயமில்லை, உன்னிடம் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்றுதான் உண்மையில் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். எண் ஒன்றும் போடவில்லை, இனிமேல் போடமாட்டேன். நீ பாடினது இதுதான்:

மில்லு இடிக்கையிலே மெல்லத் தூங்கவச்ச அம்மா
மில்லு நின்ன நேரத்திலே முழிக்காமப் போனியே அம்மா

இரண்டாவது அடி இழுக்கத்தான் செய்கிறது. அழுகிறவள் மூச்சு வாங்கவேண்டாமா? அங்கே நீ மூச்சு வாங்கியிருக்கிறாய். இதை எழுதிவிட்டு, அந்த அடியையே காதில் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை துணி மூட்டையோடு வந்து வாசலில் நின்றார். இன்னா மாமா, தீயிற வாசனை ஊரையே தூக்குது, உனக்குத் தெரியலையா என்று கேட்டார். போய் இறக்கிப் பார்த்தேன். பானை அடியெல்லாம் கருகிப்போயிருக்கிறது. மேலாக இருப்பதை எடுத்து அவருக்குப் போட்டிருக்கிறேன். பாவம், முகம் சுளிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்வார், உன் நைனாவுக்கு வயதாகிவிட்டது, சோறு வைத்ததையே மறந்துவிடுகிறார் என்று. ஏன் அடிப்பிடித்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.